குடில்கள் பிறகு, கிணறு முதலில்

உங்கள் கடிதத்தின் சாரம் இது. பெற்றோர் வழி வந்த நிலத்தில் நிற்கும் பழைய வீட்டைச் செப்பனிட்டு, நீங்களும் கணவரும் ஒன்றரை வருடமாக விடுமுறைத் தங்குமிடம் நடத்துகிறீர்கள். நான்கு அறைகள். வார இறுதியில் எட்டுப் பேரும் நிறைந்துவிடுகிறார்கள், வார நாட்களில் பெரும்பாலும் காலி. வந்தவர்கள் மனம் நிறைந்து போவதால், மூங்கிலும் மண்ணும் கொண்டு இன்னும் ஆறு குடில்கள் கட்ட ஆசைப்படுகிறீர்கள். நிலத்தில் பாதிப் பங்குள்ள அண்ணன் "செய்யுங்க" என்று சொன்னாரே தவிர எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

கழிவுநீருக்கு வீட்டோடு வந்த செப்டிக் டேங்க்தான் இருக்கிறது: 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீர் ஆழம். அதன் பின்னால், தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்க ஓர் உறிஞ்சுகுழி. கடைசியாக எப்போது சகதி எடுத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. குழியிலிருந்து உங்கள் கிணறு 15 மீட்டர். சரிவில் கீழே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கிணறு 25 மீட்டர். திங்கள், செவ்வாய்க்கிழமைகளில் தம் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்று அவர் இரண்டு மாதமாகச் சொல்லிவருகிறார்.

நீங்கள் கேட்டிருப்பவை: சிறிய பண்ணைத் தங்கலுக்கு அனுமதி எதுவும் தேவையில்லை என்கிறார்களே, சரியா? 5 கிலோவாட் சோலார் போட்டால் மின் இணைப்பைத் துண்டித்துவிடலாமா? "கார்பன் இல்லாத, நூறு சதவீத இயற்கை விடுதி" என்று விளம்பரம் செய்யலாமா? ஒரு முகவர் கட்டணம் வாங்கிக்கொண்டு பசுமைச் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறாராம், வாங்கலாமா? கடைசி வரியில், போகிற போக்கில், பக்கத்து வீட்டுக்காரர் பொறாமையில் பேசுகிறாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசி வரியில் போட்டீர்களே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரியாமல் மற்ற எதற்கும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் என்ன இருக்கிறது

அவர் நாளைக் குறிப்பிட்டுச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். வெறும் எரிச்சலில் பேசுகிறவர் "எப்போதும் நாறுகிறது" என்றுதான் சொல்வார். உங்கள் விடுதி நிரம்புவது சனி, ஞாயிறு. அவர் கிணறு நாறுவது திங்கள், செவ்வாய். கழிவுநீர் ஓரிரு நாளில் 25 மீட்டர் கடந்திருந்தால் அது மண்ணில் ஊறிப் போயிருக்க வாய்ப்பில்லை. பாறை இடுக்கு வழியாகவோ, பழைய குழாய் பதித்த பள்ளம் வழியாகவோ ஓடியிருக்கும். அப்படி ஓடும் நீரை மண் வடிகட்டுவதே இல்லை.

உங்கள் பக்கம்தான் தவறு என்று இதை வைத்து முடிவு கட்டிவிடவும் முடியாது. அவருடைய மாட்டுக் கொட்டகை, கிணற்றின் அடியில் அழுகும் இலைதழை, நிலத்தடியில் தானாக உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்று நாற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே சோதனைதான் வழி. அதை அவரையும் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நீங்கள் மட்டும் எடுத்துப் போன மாதிரியை அவர் நம்பமாட்டார், அவர் எடுத்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

விடுதி நிறைந்திருந்த ஒரு வார இறுதிக்கு அடுத்த திங்கள் காலை, இரண்டு கிணறுகளிலும் ஒரே நேரத்தில் மாதிரி எடுங்கள். பாட்டில் சோதனைக்கூடம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலாக இருக்க வேண்டும். கழுவிய தண்ணீர் பாட்டில் உதவாது. அதை ஐஸ் பெட்டியில் வைத்து, கூடுமானவரை 6 மணி நேரத்துக்குள் கூடத்தில் சேர்த்துவிடுங்கள். அதற்கு முந்தைய வாரம் கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்டிருக்கக் கூடாது. கேட்க வேண்டியவை: ஈ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா), நைட்ரேட், குளோரைடு, மின்கடத்துதிறன். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி குடிநீரில் 100 மில்லியில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மழைக்குப் பிறகு ஒருமுறை திரும்பவும் எடுங்கள், முதல் முறை சுத்தமாக வந்தாலும்.

கழிப்பறையில் ஃப்ளோரசீன் சாயத்தைக் கரைத்து ஊற்றி, கிணற்றில் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பதும் உண்டு. பச்சை வந்தால் சந்தேகமே இல்லை. வராவிட்டால் மட்டும் நிம்மதிப்பட்டுவிடாதீர்கள். சாயம் மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், நீர்த்துப் போயிருக்கலாம், நீங்கள் பார்க்காத நேரத்தில் கடந்து போயிருக்கலாம்.

முடிவு வரும் வரை உங்கள் கிணற்று நீரை விருந்தினருக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஈ.கோலைக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் வேறு இடத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவாருங்கள், அல்லது தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்துக் கொடுங்கள். பல் துலக்குவதற்கும் அதே தண்ணீர்தான். அதுவரை இரண்டு அறைகளுக்கு மட்டும் முன்பதிவு எடுங்கள்.

மாசு இருப்பது உறுதியானால் அன்றைக்கே அவரிடம் சொல்லி, அவர் வீட்டுக்கும் குடிநீருக்கு ஏற்பாடு செய்யுங்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால், மாசைவிட மறைத்ததுதான் உங்களுக்கு எதிராகப் பெரிய சாட்சியாக நிற்கும். உங்களிடம் எல்லா அனுமதியும் இருந்தால்கூட, அண்டை வீட்டாரின் கிணற்றைக் கெடுத்ததற்கான பொறுப்பு அதனால் நீங்கிவிடாது. பெரும்பாலான நாடுகளின் சட்டம் இப்படித்தான் பார்க்கிறது.

செப்டிக் டேங்க் என்ன செய்யும், என்ன செய்யாது

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: "மாதம் ஒருமுறை உயிர்நொதி ஊற்றுகிறோம், அதனால் வெளியே வருவது சுத்தமான நீர்தான்." இது பரவலாக இருக்கும் நம்பிக்கை, ஆனால் தவறு. செப்டிக் டேங்க் என்பது அடிப்படையில் ஒரு தெளியவைக்கும் தொட்டி. கனமானது அடியில் சகதியாகப் படியும், எண்ணெய்ப்பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் நீர் வெளியேறும். அந்த நடு நீரில் நோய்க்கிருமிகள் அப்படியே இருக்கும். அவற்றைப் பிடித்து வைக்க வேண்டியது அதற்குப் பிறகு வரும் மண். நொதி ஊற்றுவதால் சகதி எடுக்கும் வேலையும் நின்றுவிடாது.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். தொட்டி 3,000 லிட்டர். எட்டு விருந்தினர், நீங்கள் இருவர், உதவியாளர் ஒருவர் என்று பதினொரு பேர். ஆளுக்கு 130 லிட்டர் வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,430 லிட்டர். கழிவுநீர் குறைந்தது ஒரு நாளாவது தொட்டியில் தங்க வேண்டும், அதுவும் சகதி நிறைந்திருக்கும் நிலையில். பல வருடமாக எடுக்காத தொட்டியில் பாதி சகதியாகவே இருக்கக்கூடும். அப்படியானால் நீருக்கு மிஞ்சும் இடம் 1,500 லிட்டர். காகிதத்தில் சரிக்குச் சரி. ஆனால் ஞாயிறு காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் எல்லாரும் குளித்து, சமையலறையும் ஓடி, படுக்கை விரிப்புகளும் துவைக்கப் போகும்போது அன்றைய நீரில் பாதி ஒரே மூச்சில் தொட்டிக்குள் இறங்கும். அந்த வேகத்தில் அடியில் படிந்தது கிளம்பி உறிஞ்சுகுழிக்குப் போய்விடும். சிறு விடுதிகளின் கழிவுநீர் அமைப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்று மணி நேரத்தில்தான். சராசரிக்குக் கட்டியிருப்பார்கள், நிறைந்த நாளுக்குக் கட்டியிருக்க மாட்டார்கள்.

சகதி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது எளிது. நீளமான கம்பின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். தொட்டியின் நுழைவுப் பக்க மூடியைத் திறந்து, அடி தட்டும் வரை மெதுவாக இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து நேராகத் தூக்குங்கள். துண்டில் கறுப்பு அப்பியிருக்கும் உயரம்தான் சகதியின் உயரம். சகதியும் மேலாடையும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால், அதாவது உங்கள் தொட்டியில் 50 சென்டிமீட்டர் வந்தால், எடுத்தாக வேண்டும். இதைச் செய்யும்போது தலையை உள்ளே நீட்டாதீர்கள், தீ வைத்துப் பார்க்காதீர்கள், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். சாய்ந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

ஆறு குடில்களும் வந்துவிட்டால் இருபது விருந்தினர், ஐந்து பணியாளர். அதே 130 லிட்டரில் ஒரு நாளைக்கு 3,250. இன்றைய தொட்டியின் மொத்தக் கொள்ளளவே அவ்வளவு இல்லை. அதனால் என் கருத்து: கழிவுநீர் வேலை முடிந்து, ஒரு பருவம் ஓடி, கிணறுகள் சுத்தமென்று தெரியும் வரை ஒரு குடிலுக்குக்கூட அடித்தளம் தோண்டாதீர்கள்.

எப்படிச் சரிசெய்வது

தொட்டியைப் பெரிதாக்கும் முன் ஓட்டத்தைச் சுருக்குங்கள். பழைய ஷவர் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும், எட்டு நிமிடக் குளியலுக்கு 96 லிட்டர். 7 லிட்டர் ஷவர் என்றால் 56. குழாய் முனையில் காற்றுக் கலக்கும் வலை, 3 லிட்டரும் 6 லிட்டரும் விடும் இரட்டை ஃப்ளஷ் ஆகியவற்றையும் சேர்த்தால் ஆளுக்கு 100 லிட்டருக்குக் கொண்டுவரலாம். கசியும் ஃப்ளஷ் தொட்டிகளை முதலில் பாருங்கள். தொட்டியில் உணவு நிறமி சில சொட்டு விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் கழித்துக் கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். விரிப்புகளை ஞாயிறு காலை துவைப்பதை விட்டு, செவ்வாய் புதன் என்று பிரித்துத் துவையுங்கள். செலவே இல்லாத திருத்தம், உச்ச நேரச் சுமை கணிசமாக இறங்கும்.

சமையலறைக் கழிவுநீர் நேராக செப்டிக் டேங்குக்குப் போகக் கூடாது. நடுவில் கொழுப்பு பிடிக்கும் தொட்டி ஒன்று வேண்டும், நீர் அதில் அரை மணி நேரமாவது நிற்கிற அளவுக்கு. நிமிடத்துக்கு 10 லிட்டர் வருமானால் 300 லிட்டர் தொட்டி. வாரம் ஒருமுறை மேலாடையை வழித்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் கொழுப்பு உறிஞ்சுகுழியின் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். அப்படி அடைத்த குழியை மீட்பது கடினம், புதிதாகத்தான் தோண்ட வேண்டிவரும்.

செப்டிக் டேங்கைப் பொறுத்தவரை, நாளைக்கு 3,250 லிட்டருக்கு இரண்டு நாள் தங்கல், அதோடு மூன்று வருடச் சகதிக்கு இடம் என்று பார்த்தால் 8,000 லிட்டர் வரும். இரண்டு அறையாகப் பிரித்து, முதல் அறைக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். கட்டியதும் நீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மண் மூடவேண்டும். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்துவார். விடாதீர்கள்.

அதற்கடுத்து ஒரு சமன்படுத்தும் தொட்டி. உங்களைப் போன்ற வார இறுதி விடுதிக்கு நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். சனி, ஞாயிறு வரும் நீரைப் பிடித்து வைத்து, டைமர் பொருத்திய சிறு பம்ப் மூலம் வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், பின்னால் வரும் நாணல் படுகை திணறவும் செய்யாது, வார நாட்களில் காய்ந்தும் போகாது.

நாணல் படுகை என்றால் கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்காக, அடியில் நீர் கசியாத விரிப்பு போட்டு, சரளைக் கல் நிரப்பி, செடி நட்ட ஆழமில்லாத தொட்டி. வெப்பப் பகுதிகளில் படுக்கைவாக்கில் நீர் ஓடும் வகைக்கு ஆளுக்கு 3 சதுர மீட்டர் வையுங்கள். இப்போதைய பதினொரு பேருக்கு 33, இருபத்தைந்து பேருக்கு 75 சதுர மீட்டர். சரளை ஆழம் 60 சென்டிமீட்டர், கல்லின் அளவு 8 முதல் 16 மில்லிமீட்டர். நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மட்டும் கைப்பிடி அளவுக் கற்கள். அடித்தளச் சரிவு ஒரு சதவீதம். நீர் மட்டம் சரளைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழேயே நிற்கும்படி வெளியேறும் குழாயைத் திருப்பி ஏற்றி இறக்கும் வகையில் வையுங்கள். மேலே நீர் தெரிந்தால் கொசு வரும். நாணல், சம்பு, கல்வாழை எதை வேண்டுமானாலும் நடலாம். விருந்தினர் புகைப்படம் எடுப்பது கல்வாழைப் பூவைத்தான். படுகை கெடுவது எப்போதும் நுழைவுப் பக்கத்தில்தான் தொடங்கும். அங்கே நீர் தேங்கினால் முன்னால் இருக்கும் தொட்டியில் சகதி நிறைந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

படுகையிலிருந்து வருவதைக் கிணறுகளுக்கு எதிர்த்திசையில், பழமரங்களின் வேருக்கு மண்ணுக்கடியில் விடலாம். பச்சையாகச் சாப்பிடும் காய்கறிக்கு வேண்டாம். எந்த இடத்தில் விடுவதானாலும் கிணற்றிலிருந்து 30 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், உங்கள் பகுதி விதி அதற்கு மேல் கேட்டால் அதன்படி. நீரை மண்ணுக்குள் விடும் கசிவு வாய்க்காலின் அடிக்கும் மழைக்கால நிலத்தடி நீர் மட்டத்துக்கும் இடையே ஈரமில்லாத மண் ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். மண் உறிஞ்சுகிறதா என்று பார்க்க 30 சென்டிமீட்டர் சதுரக் குழியை வாய்க்காலின் ஆழம் வரை தோண்டி, முதல் நாள் இரவே நீர் விட்டு ஊறவைத்து, மறுநாள் நீர் 2.5 சென்டிமீட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அந்த இடம் உதவாது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கினாலும் உதவாது. அவ்வளவு வேகத்தில் போகும் நீரை மண் சுத்தம் செய்யாது.

பழைய உறிஞ்சுகுழியைச் சகதி நீக்கி, மண் நிரப்பி மூடிவிடுங்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்தால் பணியாளர் யாராவது அதில் குழாயைத் திருப்பிவிடுவார்.

குடில்களில் நீர் ஊற்றாமல் மலத்தை மக்கவைக்கும் உலர் கழிப்பறை வைக்கலாமா என்றும் ஓரிடத்தில் யோசித்திருக்கிறீர்கள். நீர்ச்சுமையை வெகுவாகக் குறைக்கும், உண்மைதான். ஆனால் மலம் சேரும் இரண்டு அறைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, நிறைந்த அறையைத் தொடாமல் விட வேண்டும்: 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் இடங்களில் ஓராண்டுக்கு மேல், குளிர்ப் பகுதியில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. தினமும் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் இருந்தால் மட்டும் ஒரு குடிலில் வைத்துப் பாருங்கள்.

மின்சாரமும் வெந்நீரும்

இணைப்பைத் துண்டிக்காதீர்கள். 5 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 20 யூனிட் தரும், மேகம் கவிந்தால் அதில் மூன்றில் ஒன்றுகூடத் தேறாது. விளக்குகளைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். பத்து அறையில் ஐந்தைந்து 7 வாட் எல்.இ.டி. ஐந்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு யூனிட்டைத் தொடாது. மின்சாரத்தை விழுங்குவது வெந்நீர். 100 லிட்டர் நீரை 30 டிகிரி உயர்த்த மூன்றரை யூனிட் வேண்டும், எந்த நிறுவனத்து ஹீட்டராக இருந்தாலும். இருபது பேருக்கு ஆளுக்கு 40 லிட்டர் என்றால் 28 யூனிட். உங்கள் பேனல் தரும் மொத்த மின்சாரமும் குளியலறையிலேயே தீர்ந்துவிடும்.

ஆகவே வெந்நீரைத் தனியாகப் பிரித்து, கூரை மேல் சூரிய நீர்ச்சூடாக்கியோ வெப்ப பம்போ வையுங்கள். வெப்ப பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும். பேனல் விளக்கு, பம்ப், குளிர்பெட்டி, மின்விசிறி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும். இரவுக்கு 6 யூனிட் தேவை என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் ஏழரை கிலோவாட் மணி போதும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் 12 வேண்டும். விலையை ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

வார நாட்களில் அறை காலியாகக் கிடப்பதால் உங்களுக்கு இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் பெருகி, ஷவர் துளிகளோடு நுரையீரலுக்குள் போய்க் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். வெயில் குறைந்த நாட்களில் வெதுவெதுப்பாகவே நிற்கும் சூரிய நீர்ச்சூடாக்கி அதற்குச் சொகுசான வீடு. தொட்டி நீர் 60 டிகிரியை எட்டும்படி துணை ஹீட்டர் வையுங்கள். குழாயில் சுடாமல் இருக்க, முனையில் கலவை வால்வு. விருந்தினர் வரும் முன் ஒவ்வொரு ஷவரையும் ஜன்னலைத் திறந்துவைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆள் வெளியே நிற்கட்டும். காலியாக இருந்தாலும் வாரம் ஒருமுறை இது நடக்க வேண்டும்.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பற்றி விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மூங்கில் குடிலும் நீச்சல் குளமும்

பதப்படுத்தாத மூங்கில் மண்ணைத் தொட்டபடி நின்றால் ஒன்று முதல் மூன்று வருடம்தான். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தது பல மடங்கு நிற்கும், ஆனால் அந்த உப்பு மழையில் கரைந்து போகும். அதனால் தரையிலிருந்து முழங்கால் உயரக் கல் பீடம், சாரல் படாத அகலமான இறவாரம் இரண்டும் கட்டாயம். கூரை வேய்ந்த குடில்களை நெருக்கி வைக்காதீர்கள். ஒன்றில் பிடித்த தீ காற்றில் அடுத்ததற்குத் தாவும். ஒவ்வொன்றிலும் புகை எச்சரிக்கைக் கருவி, வெளியேற இரண்டு வழி. மெழுகுவர்த்திக்குத் தடை.

நீச்சல் குளம் இப்போதைக்கு வேண்டாம். அதன் வடிகட்டியைக் கழுவிய குளோரின் நீர் நாணல் படுகைக்குள் போனால் அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

அனுமதி, அண்ணன், காப்பீடு

"சிறிய பண்ணைத் தங்கலுக்கு எதுவும் தேவையில்லை" என்பது பாதி உண்மை. சில இடங்களில் அறை எண்ணிக்கை குறைவாக இருந்தால் விடுதிப் பதிவில் சலுகை உண்டு. கழிவுநீர், தீ, உணவு, கட்டட அனுமதி, நிலப் பயன்பாடு ஆகியவற்றுக்கும் அது செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கிலிருந்து பத்து அறைக்குப் போகும்போது அந்தச் சலுகையே கைவிட்டுப் போகலாம். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மின் இணைப்பு எந்த வகையில் இருக்கிறது என்றும் பாருங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் பல இடங்களில் அபராதம் உண்டு.

வரும் பாதை யாருடையது? அடுத்தவர் நிலத்தின் வழியாக விவசாயத்துக்குப் போய்வரும் உரிமை இருந்தால், அது வார இறுதி தோறும் வரும் பத்துக் கார்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அந்த நிலமும் அதே பக்கத்து வீட்டுக்காரருடையதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால், கிணற்று விவகாரத்தைச் சுமுகமாக முடிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது.

அண்ணன் கையெழுத்து இல்லாமல் குடில்களுக்குச் செலவழிக்காதீர்கள். இருவருக்கும் சொந்தமான கூட்டுச் சொத்தில் நீங்கள் போடும் கட்டடம், பிரிவினை வரும்போது யாருக்கு, அதன் மதிப்பு எப்படிக் கணக்கில் வரும் என்பதெல்லாம் பெரிய வழக்காக வளரக்கூடியவை. எழுத்தில் வேண்டியவை: எந்தப் பகுதி நிலம், எத்தனை வருடம், வாடகையா லாபப் பங்கா, கட்டடம் யாருடையது, விலகினால் எப்படி மதிப்பிடுவது, மாசு போன்ற பொறுப்புகள் யாருக்கு. கடைசியாகச் சொன்னதை அண்ணனுக்குச் சொல்லாமல் விடாதீர்கள். வழக்கு வந்தால் நில உரிமையாளர் என்ற முறையில் அவரும் இழுக்கப்படலாம். சொத்து வழக்குகள் பார்க்கும் உள்ளூர் வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக் காப்பீடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பணம் கொடுத்துத் தங்குபவர்களுக்கு நேரும் காயத்தை வீட்டுக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. தொழில் நடத்துவதைச் சொல்லாமல் இருந்தால் வீடு எரிந்ததற்குக்கூடப் பணம் மறுக்கலாம். மூன்றாம் நபர் பொறுப்பு உள்ள தொழில் காப்பீடு எடுங்கள், மண், மூங்கில், வேய்ந்த கூரை என்று கட்டுமான விவரத்தை மறைக்காமல் குறிப்பிட்டு.

விளம்பரமும் அந்தச் சான்றிதழும்

"கார்பன் இல்லாத" என்று போடாதீர்கள். விருந்தினர் காரிலும் விமானத்திலும் வருவதால் உண்டாகும் புகையே பெரும்பாலும் உங்கள் விடுதி மொத்தமும் உண்டாக்குவதைவிட அதிகம். சட்டங்களும் இறுகிவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் வந்த ஒரு நெறிமுறை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. ஆதாரம் காட்டாமல் "சூழலுக்கு உகந்தது" என்று பொதுப்படையாகச் சொல்வதையும், மரம் நட்டு ஈடுகட்டிவிட்டோம் என்ற கணக்கில் "கார்பன் நடுநிலை" என்று சொல்வதையும் அது தடுக்கிறது. "நூறு சதவீத இயற்கை" என்ற சொற்றொடரும் உங்களுக்கு உதவாது. கழிப்பறை கழுவும் திரவத்தின் பாட்டிலை ஒரு விருந்தினர் படம் பிடித்துப் போட்டால் தீர்ந்தது. தட்டும் குவளையும் மக்கும் வகை என்றும் எழுதியிருந்தீர்கள். அவற்றில் பல, தொழிற்சாலை உரக்கிடங்கின் 58 டிகிரி வெப்பத்தில்தான் மக்கும், தோட்டத்துக் குழியில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கழுவிப் புழங்கும் பாத்திரமே போதும்.

முகவர் தரும் சான்றிதழைப் பற்றி அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் தரநிலை, அது பொதுவில் வெளியிடப்பட்டிருக்கிறதா? நேரில் வந்து தணிக்கை செய்வது யார்? எத்தனை வருடத்தில் காலாவதியாகும்? உலகளாவிய நிலைத்த சுற்றுலா மன்றத்தின் பெயரை அவர் சொன்னால் கூடுதலாகக் கவனியுங்கள். அந்த மன்றம் அளவுகோல்களை வகுக்கும், சான்று அளிக்கும் அமைப்புகளுக்கு அங்கீகாரம் தரும், விடுதிகளுக்கு நேரடியாகச் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஆள் வந்து பார்க்காமலே சான்றிதழ் வரும் என்றால் வாங்காதீர்கள்.

அந்தப் பணத்தில் நீர் மீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று கிணற்றிலிருந்து வரும் பிரதான குழாயில், இன்னொன்று சமையலறை, துவைக்கும் இடம் இரண்டுக்கும் போகும் குழாயில். மின் மீட்டரோடு சேர்த்து வெள்ளி மாலையும் திங்கள் காலையும் அளவைக் குறித்து, தங்கிய ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து வைத்துவாருங்கள். ஆறு மாதத்தில், "எங்கள் விடுதியில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு இத்தனை லிட்டர், இத்தனை யூனிட். கழிவுநீர் நாணல் படுகையில் சுத்தமாகி மரங்களுக்குப் போகிறது. கிணற்று நீரின் கடைசிச் சோதனை இந்தத் தேதியில்" என்று எழுத முடியும். குடில்களுக்கு இடமிருக்கிறதா, நான்கா ஆறா என்பதையும் அதே குறிப்பேட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அளவுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.